கேட்டால்தான் சொல்லலாம்

கோகிலவாணி மிஸ்ஸின் வகுப்பில் ஈ பறந்தால்கூட ஆங்கிலத்தில்தான் பறக்க வேண்டும் என்று ஆசிரியர் அறையில் ஒரு கேலி உண்டு. கேலி செய்தவர்களுக்கும் அவளிடம் உள்ளூர ஒரு பயம்தான். கள்ளக்குறிச்சியிலிருந்து சின்னசேலம் போகிற சாலையில், கரும்புத் தோட்டத்தை ஒட்டிக் கட்டியிருந்த அந்தத் தனியார் பள்ளிக்கூடத்தில் தமிழ் ஒரு சொல் வாயில் வந்துவிட்டால் அட்டை. ‘நான் இன்று தமிழ் பேசினேன்’ என்று ஆங்கிலத்தில் எழுதிக் கயிறு கோத்து வைத்திருந்தார்கள். மாட்டிய பிள்ளை சாயங்காலம் வரை அதைக் கழுத்தோடு சுமக்க வேண்டும். மற்ற மிஸ்கள் பாதி நாள் அட்டையை எங்கே வைத்தோம் என்றே மறந்துபோவார்கள். கோகிலவாணி மறக்க மாட்டாள்.

அவள் கெட்டவள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், பிறகு சொன்னால் எடுபடாது. கல்வராயன் மலையில் சேராப்பள்ளம் என்று சாமைக் கொல்லைகளுக்கு நடுவே ஒரு சின்ன ஊர். அங்கே பிறந்து வளர்ந்து, சின்னசேலத்துச் சித்தி வீட்டில் தங்கிப் பள்ளிக்கூடம் முடித்து, சேலத்தில் கல்லூரிக்குப் போனவள். சேர்ந்த முதல் வாரம் ஏதோ கேட்டார்கள் என்று எழுந்து பேசினாள். அவள் பேச்சில் மலை இருந்தது. வகுப்பு மொத்தமும் சிரித்தது, பாடம் நடத்தியவரும் சேர்ந்து சிரித்தார். அன்றைக்கு மூடிய வாயை அவள் ஆங்கிலத்தில்தான் மறுபடி திறந்தாள். எந்த ஊர் என்று யார் கேட்டாலும் சின்னசேலம் என்பாள். தன்னிடம் படித்த பிள்ளையைப் பார்த்து நாளைக்கு எவரும் சிரிக்கக் கூடாது என்பது அவள் போட்ட கணக்கு. கணக்கு சரியாகத்தான் இருந்தது. அதில் பிள்ளையைத்தான் சேர்க்க மறந்துவிட்டாள்.

அன்றைக்குப் பள்ளிக்கூடம் கல்யாண வீடு மாதிரி இருந்தது. வெளிநாட்டுப் பாடத்திட்டம் ஒன்றைக் கொண்டுவருவதற்காகத் தாளாளர் விஜயராகவன் இரண்டு வருஷமாக அலைந்து, கடைசியில் பெங்களூரிலிருந்து ஓர் அம்மாள் பார்வையிட வருகிறார். அவர் ‘சரி’ என்று தலையசைத்தால் போதும், வாசல் பலகையில் ‘இன்டர்நேஷனல்’ என்று ஒரு சொல் கூடிவிடும். முந்தின நாள் தாளாளர் எல்லா மிஸ்களையும் அறைக்குக் கூப்பிட்டு, “நாளைக்கு ஒரு வார்த்த தமிழ் அவங்க காதுல வுழக்கூடாது, சொல்லிட்டேன்” என்றார். தமிழில்தான் சொன்னார். ரிஷிவந்தியத்து விவசாயி மகன், கோபம் வந்தால் அவருக்கு வேறு எந்த மொழியும் வராது. பிறகு கோகிலவாணியை மட்டும் நிறுத்தி, அந்த அம்மாள் உங்கள் மூன்றாம் வகுப்பில்தான் உட்காரப்போகிறார், நல்லபடியாக முடிந்தால் அடுத்த வருஷம் துணை முதல்வர் நாற்காலி உங்களுக்குத்தான் என்று கோடி காட்டினார். கோகிலவாணிக்கு அன்றிரவு சரியாகத் தூக்கம் பிடிக்கவில்லை.

காலை இடைவேளை முடிந்து மணி அடித்தது. பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். கடைசியாக, எல்லோரும் உட்கார்ந்து வெகுநேரம் கழித்து, கலையரசி வந்து கதவருகே நின்றாள். நெல்லிப்பாறையிலிருந்து வந்த பிள்ளை. அதுவும் மலைதான், சேராப்பள்ளத்துக்கு அடுத்த மேடு. விடுதியில் தங்கிப் படிக்கிறாள். சேர்ந்து ஆறேழு மாதம் ஆகிறது. கேட்டதற்குப் பதில் சொல்வாள், தானாக எதுவும் பேச மாட்டாள். போன வாரம் சாப்பாட்டு வரிசையில் “எனுக்கு வேணா” என்று சொல்லிவிட்டு அட்டை மாட்டிக்கொண்டவள். மாட்டியது கோகிலவாணி.

இப்போது அவளுடைய இரண்டு பின்னலில் ஒன்று அவிழ்ந்து தோளில் கிடந்தது. அந்தப் பக்கத்துச் சிவப்பு ரிப்பனைக் காணோம்.

இது ஒளித்துவைத்து விளையாடுகிற சமாச்சாரம் இல்லை, அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளுக்கான கழிப்பறை கரும்புத் தோட்டத்துப் பக்கம் இருந்தது. ஷூ நனையக் கூடாது என்று விடுதிப் பிள்ளைகள் அதை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். கலையரசியும் அப்படித்தான் போனாள். கதவோரம் பெயர்ந்து கிடந்த செங்கல்லின் மேல் கால் வைத்தாள். எறும்பு கடித்த மாதிரிதான் இருந்தது. குனிந்து பார்த்தபோது, கறுப்பு உடம்பில் வெள்ளை வளையங்களோடு அது செங்கல்லுக்கு அடியில் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது.

நெல்லிப்பாறை, சேராப்பள்ளம் என்று அந்தப் பக்கத்து நாலைந்து ஊர்களில் ஒரு வழக்கம். கடிபட்டவர் தன் வாயால் அதைச் சொல்லக் கூடாது. சொன்னால் விஷம் கேட்டுக்கொண்டு தலைக்கு ஏறிவிடும் என்பார்கள். கையில் கிடைத்ததைக் காலில் கட்டிக்கொண்டு, முடியை அவிழ்த்துவிட்டு, பெரியவர்கள் யாராவது ஒருவர் முன்னால் போய் நிற்க வேண்டும். பார்த்தவர் கேட்க வேண்டும், ‘ஆரு தொட்டது?’ என்று. அதற்குப் பிறகுதான் வாய் திறக்கலாம். அந்த ஊர்களில் முடி அவிழ்ந்த ஒருவர் வந்து எதிரே நின்றால், நடக்கத் தெரிந்த குழந்தைக்குக்கூட என்ன கேட்க வேண்டும் என்று தெரியும். அங்கே அது ஒருவரையும் நிமிஷ நேரம்கூடக் காக்க வைத்ததில்லை. கீழ்நாட்டுக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்று யாரும் யோசித்திருக்கவில்லை.

பிள்ளை ஊர் வழக்கத்தை ஒன்று விடாமல் செய்தாள். பின்னலை அவிழ்த்தாள். ரிப்பனை முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டினாள். சீருடை கலையக் கூடாது என்று பள்ளிக்கூடம் சொல்லிக்கொடுத்திருந்ததால் அதன் மேல் வெள்ளைக் காலுறையை இழுத்துவிட்டாள். ஷூவைப் போட்டுக்கொண்டு வந்து பெரியவர் ஒருவர் முன்னால் நின்றாள்.

அந்தப் பெரியவர், கோகிலவாணி மிஸ், அவளை ஏற இறங்கப் பார்த்தார். ரிப்பன் எங்கே என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

கலையரசி பேசவில்லை. மிஸ்ஸின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். இன்றைக்குப் பார்த்தா என்று கோகிலவாணிக்கு எரிச்சலாக வந்தது. இருக்கிற இன்னொரு பின்னலையாவது கலைக்காமல் இடத்தில் போய் உட்காரச் சொன்னாள். பிள்ளை இரண்டடி நகர்ந்தாள். மறுபடி வந்து மேஜைக்கு நேரே நின்றாள். வகுப்பு சிரித்தது. கோகிலவாணி அவள் தோளைப் பிடித்துக் கொண்டுபோய் இரண்டாவது பெஞ்சில் உட்கார வைத்தாள். பிடித்தபோது ஏதோ ஒன்று மனதில் இடறியது. அவிழ்ந்த முடி, பேசாத வாய், எதிரில் வந்து நிற்பது. எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. எங்கே என்று யோசிக்க அவளுக்கு அன்றைக்கு நேரம் இல்லை. உண்மையைச் சொன்னால், அந்தத் திசையில் யோசிப்பதை அவள் பல வருஷமாகவே நிறுத்தியிருந்தாள்.

பாடம் நடந்தது. கோகிலவாணி கரும்பலகையிலிருந்து திரும்பும்போதெல்லாம் கலையரசியின் கண் அவள் மேலேயே இருந்தது. ஒருமுறை எழுந்து வரப் பார்த்தாள். கோகிலவாணி கையை உயர்த்தி உட்காரச் சொன்னாள். பிள்ளை உட்கார்ந்துவிட்டாள். மலை சொன்னது, நீயாகச் சொல்லாதே என்று. பள்ளிக்கூடம் சொன்னது, தமிழில் சொல்லாதே என்று. இரண்டு பேரும் சேர்ந்து எட்டு வயசுப் பிள்ளையின் வாயைக் கட்டிப்போட்டுவிட்டார்கள், காலில் கட்டியதைவிட இறுக்கமாக.

தாளாளர் முன்னால் நடக்க, அந்தப் பெங்களூர் அம்மாள் உள்ளே வந்தார். நரைத்த முடியைக் கட்டையாக வெட்டி, பருத்திச் சேலை உடுத்தியிருந்தார். பிள்ளைகள் எழுந்து ஒரே குரலில் ஆங்கிலத்தில் வணக்கம் சொன்னார்கள். கலையரசி எழுந்திருக்கக் கொஞ்சம் தாமதமானது. பெஞ்சைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள். தாளாளரின் பார்வை அங்கே போய்ப் பிறகு கோகிலவாணியின் மேல் வந்து விழுந்தது. அவிழ்ந்த பின்னல் அவர் கண்ணில் பட்டுவிட்டது. 

ஆனால் எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. சுபஸ்ரீ என்கிற பிள்ளை மழையைப் பற்றிப் பேசினாள். அழகாகப் பேசினாள். கரும்புத் தோட்டத்தைத் தாண்டி மலை மேல் இறங்கும் மழையைப் பற்றி அல்ல, அவள் பார்த்தே இராத ஏதோ ஓர் ஊர் மழையைப் பற்றி. அந்த அம்மாள் சிரித்துக் கை தட்டினார். தாளாளர் அவரைவிட ஜாஸ்தியாகத் தட்டினார். பிறகு அந்த அம்மாள் பெஞ்சுகளுக்கு நடுவே மெல்ல நடந்து, ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒன்றிரண்டு சொல் பேசிக்கொண்டு வந்தார். கலையரசியிடம் வந்ததும் பெயர் கேட்டார்.

பிள்ளை வாயைத் திறந்தாள். சொல் சரியாக வரவில்லை. நாக்கு தடித்த மாதிரி ஏதோ ஒரு சத்தம் வந்தது. கண் இமை இரண்டும் பாதியில் வந்து நின்றுவிட்டன. மேலே தூக்கப் பார்க்கிறாள், முடியவில்லை. தலையைப் பின்னால் சாய்த்து, இமைக்கு அடியில் இருந்த கொஞ்ச இடைவெளி வழியாக அந்த அம்மாளைத் தாண்டிக் கோகிலவாணியைப் பார்த்தாள்.

விடுதிப் பிள்ளை, இரவு சரியாகத் தூங்கியிருக்க மாட்டாள் என்று கோகிலவாணி ஆங்கிலத்தில் சிரித்துக்கொண்டே சமாளித்தாள். தாளாளரும் சிரித்தார். பிள்ளைகளும் சிரித்தார்கள். அந்த அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. அவர் பிள்ளையின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார்.

சிரிப்பு அடங்கும்போது கோகிலவாணிக்கு அந்தச் சிரிப்பு காதில் விழுந்தது. சேலத்தில் கேட்ட அதே சிரிப்பு. இந்தத் தடவை அதைத் தொடங்கி வைத்தது அவள்.

அவள் பெஞ்சருகே போனாள். கலையரசியின் கால் நீட்டியபடி இருந்தது. ஒரு பக்கக் காலுறை சரிந்து இறங்கியிருந்தது. முழங்காலுக்குக் கீழே சிவப்பு ரிப்பன் சதைக்குள் பதிந்து கிடந்தது.

கோகிலவாணிக்குச் சேராப்பள்ளத்தில் ஒரு மத்தியானம், மரவள்ளிக் கொல்லையிலிருந்து வந்த மாமன் ஒருவர் குடுமியை அவிழ்த்துவிட்டுக் காலில் துண்டைக் கட்டிக்கொண்டு அவள் அப்பாவின் முன்னால் பேசாமல் நின்றது அப்படியே கண்ணில் வந்தது. அப்பா கையிலிருந்த சோற்றுத் தட்டைக் கீழே போட்டுவிட்டுக் கேட்டார். அந்தக் கேள்வி அவளுக்குத் தெரியும். நாக்கு நுனியில் இருந்தது.

அப்படியிருந்தும் அவள் முதலில் ஆங்கிலத்தில்தான் கேட்டாள். ஏதாவது கடித்ததா என்று கேட்டாள். பாழாய்ப்போன பழக்கம், உயிர் போகிற நேரத்திலும் தாளாளர் பக்கத்தில் நிற்பது நினைவிருக்கிறது. பிள்ளை இல்லையென்று தலையாட்டினாள். கேட்க வேண்டியபடி இன்னும் யாரும் கேட்கவில்லையே.

கோகிலவாணி தரையில் மண்டி போட்டாள். பிள்ளையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

“ஆரு தொட்டது, கண்ணு?”

 சேலத்தில் மூடிய அந்தக் குரல் இத்தனை வருஷம் கழித்து அப்படியே, ஒரு சுழிவு குறையாமல் வெளியே வந்தது. கலையரசியின் முகம் கோணிக்கொண்டது. அதுவரை அழாத பிள்ளைக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

“காட்டாத்தா தொட்டுட்டா மிஸ்ஸு” என்றாள். நாக்கு குழறியது. “நீ கேக்கவே இல்ல.”

பிறகு நடந்ததெல்லாம் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தது. கோகிலவாணி பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். பாம்பு கடித்திருக்கிறது என்று உரக்கத் தமிழில் சொன்னாள். தாளாளர் முதலுதவி அறை என்று ஏதோ ஆங்கிலத்தில் தொடங்கினார். அந்தப் பெங்களூர் அம்மாள் குறுக்கே புகுந்து, “என் கார் வாசல்லயே நிக்குது, ஓடுங்க” என்றார். சுத்தமான தமிழ். அந்த அறையில் இருந்த அத்தனை பேருக்கும் தமிழ் தெரிந்திருந்தது. காலையிலிருந்து ஒருவருக்கொருவர் அதை மறைத்துக்கொண்டிருந்தார்கள், வேறென்ன சொல்ல.

கள்ளக்குறிச்சி அரசு மருத்துவமனைக்குப் போகிற வழியெல்லாம் கோகிலவாணி பேசிக்கொண்டே இருந்தாள். தூங்காதே என்றாள். நெல்லிப்பாறையில் உங்கள் வீட்டுக்குப் பின்னால் என்ன மரம் என்று கேட்டாள். ஆட்டுக்குட்டி எத்தனை என்று கேட்டாள். எல்லாம் மலைப் பேச்சு. முதலில் பிள்ளை முனகினாள். சின்னசேலத்துப் பேருந்து ஒன்று வழி விடாமல் முன்னால் போய்க்கொண்டிருந்தது. அதைத் தாண்டுவதற்குள் முனகலும் நின்றுவிட்டது. மடியில் கிடந்த உடம்பில் மூச்சு மட்டும் மேலோட்டமாக ஏறி இறங்கியது.

பணியில் இருந்த மருத்துவர் இளம்பெண். கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கேள்வி கேட்டார். எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், என்ன நிறம். கோகிலவாணி குனிந்து பிள்ளையின் காதில், “வளையம் இருந்திச்சா கண்ணு, வெள்ளையா? இருந்திச்சின்னா என் வெரலப் புடி” என்றாள். கலையரசி பிடித்தாள். அவ்வளவு மெல்லிய பிடி. கட்டுவிரியன் என்று மருத்துவர் உள்ளே குரல் கொடுத்தார். ஊசி ஏறத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் மூச்சு தடுமாறியது. குழாய் வைத்தார்கள். கோகிலவாணியை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

பிறகு அதே மருத்துவர் வெளியே வந்து, ரிப்பன் கட்டினதால் ஒரு பிரயோஜனமும் இல்லை, இனிமேல் யாரும் அப்படிக் கட்டாதீர்கள் என்றார். “கடிச்ச உடனே கூட்டிக்கினு வந்திருந்தா டியூபே வேண்டியிருந்திருக்காது மேடம். இவ்ளோ நேரம் யாருமே கவனிக்கலையா?” திட்டவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். 

தாளாளர் வந்தார். அவர் முகமும் வெளுத்துத்தான் இருந்தது. பிள்ளை பிழைத்துவிடுமா என்பதைத்தான் முதலில் கேட்டார், அதை மறைப்பது நியாயமில்லை. அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம். பிள்ளையின் அப்பாவுக்குச் சொல்லியாகிவிட்டது, மலையிலிருந்து கிளம்பிவிட்டார். பிள்ளை யாரிடமும் எதுவும் சொல்லவில்லை, சொன்ன உடனே கொண்டுவந்துவிட்டோம். இதைத்தான் அவரிடம் சொல்ல வேண்டும்.

“பொய்யா சொல்லச் சொல்றேன்? நடந்தத சொல்லுங்க. அதுக்கு மேல ஒண்ணும் வேணாம்” என்றார்.

பொய் இல்லைதான். அதுதான் கோகிலவாணியைக் கொன்றது. அந்த வாக்கியத்தில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் கலையரசியின் அப்பா இருசப்பன் வந்தார். வெள்ளிமலைப் பேருந்தில் நின்றுகொண்டே வந்திருக்கிறார். சாமைக் கொல்லையில் களை எடுத்த மண் காலில் அப்படியே காய்ந்திருந்தது. கண்ணாடிக் கதவு வழியாக மகளைப் பார்த்தார். மூக்கிலும் வாயிலும் குழாய். கொஞ்ச நேரம் கதவைத் தொட்டுக்கொண்டு நின்றவர், திரும்பித் தாளாளரையும் கோகிலவாணியையும் பார்த்துக் கை கூப்பினார்.

கோகிலவாணி எதற்கும் தயாராக இருந்தாள். அடித்தால்கூட வாங்கிக்கொள்வாள். ஆனால் அவர் சொன்னது வேறு.

“புள்ள தெரியாம செஞ்சிருச்சிங்க டீச்சரம்மா. பெரிய மனுசங்க வந்த நேரத்துல மலப் பேச்சு பேசிருச்சாமே. போன்லயே கேட்டுக்கினேன். அதுக்காவ பள்ளிக்கூடத்த வுட்டு அனுப்பிறாதீங்க. இனிமே வாயத் தொறந்தா இங்கிலீசுதாங்க பேசும். வூட்டுக்கு வந்தாக்கூட அதான் பேசணும்னு நான் சொல்லிர்றேன்.”

தாளாளர் அவர் தோளைத் தட்டி, அதெல்லாம் ஒன்றுமில்லை, முதலில் பிள்ளை எழுந்து வரட்டும் என்றார். கோகிலவாணியை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் அவளுக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். அந்த மனிதரே மன்னிப்பையும் கேட்டு, மன்னித்தும் விட்டுப் போய்விடுவார். துணை முதல்வர் நாற்காலிகூட இன்னும் முழுசாகக் கவிழ்ந்துவிடவில்லை.

“அண்ணா” என்றாள் கோகிலவாணி. “புள்ள மேல ஒரு தப்பும் இல்ல. முடிய அவுத்துக்கினு வந்து என் முன்னாலதான் நின்னா. போய் உக்காருன்னேன். திரும்பவும் வந்து நின்னா. நான் கேக்கல.”

இருசப்பன் அவளுக்கு ஆறுதல் சொன்னார். பாவம், அதையும் செய்தார். “நீங்க எப்பிடிங்க கேப்பீங்க? அது எங்க மலையில இருக்கிற வழக்கம். கீழ்நாட்டுக்காரங்களுக்கு இன்னா தெரியும்?”

“தெரியும்ணா” என்றாள். “நான் சேராப்பள்ளம்.”

தாளாளர் தலை நிமிர்ந்தது. இருசப்பன் கூப்பிய கையைப் பிரித்தார். அவர் அவள் முகத்தில் எதையோ தேடினார். மூக்கையும் நெற்றியையும் பார்த்து, எந்த வீட்டு ஜாடை என்று கண்டுபிடித்துவிட்டார் போலிருக்கிறது. முகம் மெல்ல இறுகியது.

“தெரிஞ்சுமா கேக்கல?”

அவ்வளவுதான் கேட்டார். பதிலுக்கு நிற்கவில்லை. வராந்தாவின் அந்தக் கோடிக்குப் போய்ச் சுவரோரம் உட்கார்ந்துகொண்டார். தாளாளர் திங்கட்கிழமை தன்னை வந்து பார்க்கும்படி கோகிலவாணியிடம் தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டுக் கிளம்பினார். நாற்காலி இல்லை என்பது அவர் சொல்லாமலே தெரிந்தது. வேலையே இருக்குமா என்பதுதான் தெரியவில்லை. அதைப் பற்றிக் கவலைப்பட அவளுக்குள் அப்போது இடம் இருக்கவில்லை.

அவள் வீட்டுக்குப் போகவில்லை. போகச் சொல்லவும் யாருமில்லை. வராந்தாவின் ஒரு கோடியில் அவர், மறு கோடியில் அவள். நடுவில் இருந்த கதவு திறக்கும்போதெல்லாம் இரண்டு பேரும் எழுந்து நிற்பார்கள், மூடியதும் உட்கார்வார்கள். இன்னும் கண் திறக்கவில்லை என்றார்கள். கை விரல் அசைகிறது என்றார்கள். மறுநாள் அவள் டீ வாங்கிவந்து அவர் பக்கத்தில் வைத்தாள். ஆறிப்போய் ஆடை படிந்த பிறகும் அது அங்கேயே இருந்தது. அவர் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, அவள் இருப்பதாகவே காட்டிக்கொள்ளவில்லை. அந்தத் தண்டனை சரிதான் என்று அவளுக்குத் தோன்றியது. அதே நேரத்தில், ஒரு வார்த்தை திட்டிவிடுங்களேன் என்று கதற வேண்டும் போலவும் இருந்தது.

அதற்கு அடுத்த நாள் காலையில் மூச்சு தானாக வருகிறது என்று குழாயை எடுத்தார்கள். சாயங்காலம் வார்டுக்கு மாற்றினார்கள். இனி பயமில்லை என்று அந்த இளம் மருத்துவர் சொன்னபோது இருசப்பன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். கோகிலவாணி தள்ளியே நின்றாள். கிட்டே போக அவளுக்குத் தைரியம் இல்லை.

பிள்ளை விழித்துக் கேட்டால் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுக்கலாம், தூக்கத்தில் வாயில் ஊற்றிவிடாதீர்கள் என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனார். இருசப்பன் டம்ளரில் தண்ணீரை நிரப்பிக்கொண்டு கட்டிலோரம் வந்து நின்றார். கீழே வைக்கவில்லை. மகள் கேட்கிற அந்த நொடியில் கொடுத்துவிட வேண்டும் என்று, சாமிக்கு முன்னால் நிற்கிற மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றார். கோகிலவாணி கட்டிலின் கால்மாட்டில் ஒதுங்கி நின்றாள்.

கலையரசி கண்ணைத் திறந்தாள். இமை இந்தத் தடவை முழுசாகத் திறந்தது. கண் நேரே கால்மாட்டுக்குத்தான் வந்தது. மிஸ்ஸைப் பார்த்ததும் அந்த முகத்தில் ஒரு பதற்றம் ஓடியது. முழங்கையை ஊன்றி எழுந்து உட்காரப் பார்த்தாள். முடியவில்லை. உதட்டை நனைத்துக்கொண்டாள். குழாய் வைத்த தொண்டை, குரல் கரகரவென்று வந்தது. ஒவ்வொரு சொல்லாக, தப்பு வந்துவிடக் கூடாது என்று பார்த்துப் பார்த்துச் சொன்னாள்.

“மிஸ்... மே ஐ... ஹேவ் சம் வாட்டர்... ப்ளீஸ்?”

இருசப்பனின் முகம் மலர்ந்துவிட்டது. அத்தனை நாள் மூடிக்கிடந்த முகம், நெற்றி முதல் தாடை வரைக்கும் மலர்ந்தது. செத்துப் பிழைத்த பிள்ளை, வாயைத் திறந்ததும் இங்கிலீஷ். பக்கத்துக் கட்டில்காரர்களை ஒரு சுற்றுப் பார்த்துக்கொண்டார். கையில் டம்ளர் நிறையத் தண்ணீர் அப்படியே இருந்தது.

கோகிலவாணியோடு இனிப் பேசுவதில்லை என்று இருந்தவர், வேறு வழியில்லாமல் அவள் பக்கம் திரும்பினார்.

“இன்னா கேக்குது புள்ள?”

 

“தண்ணி கேக்குதுண்ணா.”